டம்ளர் சிந்தவில்லை

டீயில் சர்க்கரை கொஞ்சம் குறைவு, இன்ஸ்பெக்டர் சார். குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லிப் பழகிப்போன வாய் இது. அரூருக்கு வந்து மாதவராஜ் என்று விசாரித்துப் பாருங்கள். கைமாறுகிற டிராக்டர், லாரி, நெல் அறுக்கும் வண்டி எதுவானாலும் மதிப்பீடு எழுதிக் கொடுப்பது நான்தான். ஓட்டிப் பார்க்காமல் ஒன்றுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நல்ல பழக்கம்தான் காரணம்.

ஸ்தனிஸ்லாஸ் இண்டூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர்க்காரர். வளைகுடாவில் படகுப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், தன் மஞ்சள் காட்டிலேயே ஐம்பதடி நீளத்துக்கு ஒரு பாய்மரப் படகைக் கட்டிவிட்டார். உலகத்தையே சுற்றி வரலாம். தர்மபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது என்பதை யாரும் அவரிடம் சொல்லாமல் இல்லை. புதுச்சேரியில் ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால், ஓட்டிப் பார்த்து எழுதிய மதிப்பீடு கைக்கு வந்தால்தான் ஏற்றிப்போக வண்டி அனுப்புவேன் என்றார். சென்னையில் படகுகளை மதிப்பிடுகிறவர் ஊர்ப் பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாராம். அதனால்தான் ஸ்தனிஸ்லாஸும் அவர் மனைவி ராயம்மாளும் என்னிடம் வந்தார்கள். பாதிக் காட்டை விற்றுக் கட்டிய படகு. இது விலை போகாவிட்டால் மீதிக் காடும் போய்விடும் என்று அந்த அம்மா அழுதார். எனக்கு மனசு தாங்கவில்லை.

படகு நல்ல படகு. உள்ளே மூன்று படுக்கையறை, நிமிர்ந்து நடக்கும்படி கூடம். சமையலறையில் இட்லிக் குண்டான் வைத்தால் மூடி மேலே இடிக்கிறது, அதை எழுதினேன். அடுப்பை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டிருந்தார். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு சாயாது என்றார். வெளிநாட்டு மதிப்பீடுகளில் நிறைந்த டம்ளரை வைத்து அதைச் சோதிக்கிறார்கள்.

ஓட்டம்தான் பாக்கி. ஆடிக் காற்றில் டிரெய்லரோடு வைத்தே பாயை விரித்தோம். ஊர் முனையில் சிலுவை நிற்கிற குருசடி வரை தானாகப் போய் ஒரு டீக்கடைப் பந்தலை இடித்துக்கொண்டு போனது. சாலையில் நன்றாகப் போகிறது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தண்ணீர் வேண்டும். அதுவும் நிறைய வேண்டும். படகின் வயிற்றுக்கு அடியில் கீல் என்று ஓர் எடை இறங்குகிறது, ஆள் உயரத்துக்கு மேல். அவர்கள் ஊர் ஏரி முழுக்க நிரம்பினாலும் ஒரு முழம் போதவில்லை.

அந்த ஏரி நிரம்பினால், மிஞ்சிய தண்ணீர் கரையில் தாழ்வாக விட்டிருக்கும் கோடி வழியாக வழிந்து போகும். பல வருஷமாகக் கோடி போகவில்லை. இந்த ஐப்பசியில் நல்ல மழை. கோடி போகிற அன்றைக்கு விருந்து வைக்க ஊரில் கிடா வாங்கிக் கட்டியாயிற்று. சாமி கும்பிடுகிறவர்களுக்குப் பொங்கல், மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மெழுகுவர்த்தி, எல்லோருக்கும் ஒரே கறிச்சோறு. ஆனால் முதல் தண்ணீர் வழிகிற வரைக்கும் கோடிப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், கண் பட்டுவிடுமாம். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நானும் ஸ்தனிஸ்லாஸும் மணல் மூட்டைகளை அடுக்கிக் கோடியை அடைத்தோம். முன்பே ஏரிக்குள் இறக்கி நிறுத்தியிருந்த படகு, தண்ணீர் ஏற ஏறத் தானே நிமிர்ந்தது. அவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். ஊரில் மட்டும், இன்னும் ஏன் வழியவில்லை என்று கிடாவைக் கட்டிவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

சோதனை அன்றைக்கு ராயம்மாள் படகுக்குள்ளேயே டீ போட்டு, சோதனைக்கென்று ஊஞ்சல் அடுப்பின் மேல் ஒரு டம்ளர் நிறைய ஊற்றி வைத்துவிட்டு எனக்கும் கொடுத்தார். சர்க்கரை சரியாக இருந்தது. அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், கரையில தண்ணி கசியுதுங்க. எங்க வூடு கரைக்கு நேர் கீழ இருக்குதுங்க. அந்த மூட்டைய எடுத்துருங்க சார்."

"இப்பவே எடுத்துடறேம்மா. நீங்க தைரியமா வூட்டுக்குப் போயி கோழிக் கொழம்பு வையுங்க. சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்றேன்.

நம்பிப் போனார். நான் கோடிக்குப் போனேன். போனதும் உண்மை, மூட்டையைத் தொட்டதும் உண்மை. ஆனால் அப்போதுதான் காற்று எழும்பியது. கீல் இன்னும் தரை தட்டிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் இன்னொரு வரிசை அடுக்கினேன். ஒற்றை ஆளாகத் தூக்கியதில் இடுப்பு இன்னும் வலிக்கிறது.

ஸ்தனிஸ்லாஸ் சக்கரத்தைப் பிடித்து ஓட்ட, அதுவரை மாடு நடக்கிற வேகத்தில் போன படகு, தண்ணீர் இன்னும் ஏறிய பிறகு போன அழகைப் பார்த்திருக்க வேண்டும் சார். பாய் புடைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, ஏரியை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது. அப்போதுதான் கரை உடைந்தது. தண்ணீரோடு படகும் உடைப்பு வழியாக இறங்கியது. மஞ்சள் காடு, தெரு, விருந்துப் பந்தல், கிடா எல்லாவற்றையும் தாண்டிப் போய்ப் புளியந்தோப்பில் நின்றது. நான் கரையோரமாகவே ஓடினேன். ஜனங்கள் அலறிக்கொண்டு வீடுகளின் பக்கம் ஓடினார்கள். நான் படகின் பக்கம் ஓடினேன். உள்ளே ஏறிப் பார்த்தேன். ஊஞ்சல் அடுப்பின் மேல் ராயம்மாள் ஊற்றி வைத்த டம்ளர் அப்படியே நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அந்த அம்மா ஞாபகமே வந்தது.

சாயங்காலம் வீட்டுச் சுவருக்கு அடியிலிருந்து அவரை எடுத்தார்கள். குழம்புக் கரண்டி கையிலேயே இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் பிழைத்தார். இன்னும் அவர் கை சக்கரத்தைப் பிடித்த மாதிரியே இருக்கிறது. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அவள ஏத்திக்கலாம்னு வூட்டப் பாத்துத் திருப்புனேன் சார். திரும்பவே இல்லீங்க."

கோடியை அடைத்தது நான். எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலும் அடுக்கியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அவ்வளவு பெரிய படகைத் திருப்ப அந்தச் சுக்கான் பலகை போதாது. இன்னும் ஓரடி அகலமாக வைத்திருந்தால் படகு திரும்பியிருக்கும், ராயம்மாளும் பிழைத்திருப்பார். புதுச்சேரிக்கு அனுப்பிய மதிப்பீட்டில் ஒளிவுமறைவு இல்லாமல் அதை எழுதியிருக்கிறேன்.