மீன் தொட்டிக் கூழாங்கற்கள்

மீன் வளர்த்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். என் வீட்டுக் கூடத்திலும் ஒரு தொட்டி உண்டு. அதன் அடியில் முன்பு நிறையக் கூழாங்கற்கள் கிடந்தன. நீங்கள் அந்தத் தொட்டியிலிருந்து விசாரணையைத் தொடங்கியது சரிதான், இன்ஸ்பெக்டர் சார்.

ஆனால் அதற்கு முன் என் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாலிபம் முழுக்க விபத்துப் பிரிவில் கழிந்தது. லாரிக்கு அடியில் சிக்கியவர், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், எல்லோரும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். கிழிந்த கல்லீரலை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் தைத்திருக்கிறேன். கைராசிக்காரர் என்று பெயர். உள்ளே அவர்கள் அலறுவார்கள், வெளியே சொந்தக்காரர்கள் கதவை இடிப்பார்கள். செருப்புக்குள் அடுத்தவர் ரத்தம் பிசுபிசுக்க ஒரு மனிதன் எத்தனை காலம்தான் நிற்பான்?

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு அறுவை செய்யும் ரோபோ வந்தது. நோயாளி மேஜையில், நான் மூலையில் நாற்காலியில். முகத்தைப் பெட்டிக்குள் புதைத்துக்கொண்டு விரலை அசைத்தால் அங்கே எஃகுக் கைகள் வேலை செய்யும். சத்தமே கிடையாது. முதல் நாள் அந்தப் பெட்டிக்குள்ளேயே அழுதேன். சந்தோஷத்தில்தான்.

எங்கள் நிர்வாகி யானையைக் கட்டித் தீனி போடுகிற ஆள் இல்லை. கேஸ் வராவிட்டால் ரோபோவைக் கிளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன், நீங்கள் பழையபடி விபத்துப் பிரிவுக்கே போகலாம் என்றார். என் கெட்ட நேரம், அப்போது பார்த்து ஊரில் ஒருவருக்கும் பித்தப்பையில் கல் இல்லை.

அந்த வாரம் மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவியின் அண்ணன். மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு ஓர் ஏப்பம் விட்டார். வெறும் ஏப்பம்தானே என்பீர்கள். நான் பித்தப்பை என்றேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனுக்கு என்ன, பிள்ளையா குட்டியா, அது பாட்டுக்கு இல்லை என்று சொல்லிவிடும். பித்தப்பை இல்லாமலும் மனிதன் நூறு வயது வாழலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அறுவை பிரமாதமாக நடந்தது. ஆனால் எடுத்ததைக் கண்ணால் பார்த்தால்தான் நம் ஜனங்களுக்கு மனசு ஆறும். தட்டில் வைத்து வெளியே கொண்டுபோனேன். மாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"பை இருக்கு மாப்ளே. கல்லு எங்க?"

பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன். மறுநாள் என் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தேன். மைத்துனர் அதை ஷோகேஸில் வைத்தார்.

அதற்கப்புறம் நான் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தனக்கும் ஏப்பம் வருவதாகச் சகலை தானாகவே வந்தார். அவருக்குச் சற்றுப் பெரிய கல்லாகக் கொடுத்தேன், இல்லாவிட்டால் மனஸ்தாபம் வரும். பிறகு மாமனார், மாமியார், கொழுந்தியாள் என்று வரிசையாக வந்தார்கள். பேசாமல் இருந்த உறவுகளெல்லாம் என் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டன. ரோபோவும் எங்கும் போகவில்லை.

என் மனைவியை மட்டும் நான் தொடவில்லை. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று அவள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாயு, வெந்நீர் குடி என்பேன். அவளும் படுத்துவிட்டால் படுத்திருக்கும் அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுவது யார்?

மாமனாரின் பிறந்தநாளன்று எல்லோரும் குப்பிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மேஜையில் வரிசையாக வைத்து, யாருடைய கல் பெரிது என்று ஒரே பேச்சு. தட்டெடுக்க வந்த என் மனைவி, தன் அம்மாவின் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கல்லின் ஓரத்தில் கொஞ்சம் நீலம். கல்யாணமான புதிதில் அவளே உட்கார்ந்து வண்ணம் பூசிய கற்கள் அவை. நான் சுரண்டித்தான் கொடுத்தேன், மிச்சம் ஒட்டியிருந்திருக்கிறது. அவள் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். மீன்கள் வெறும் கண்ணாடிமேல் நீந்திக்கொண்டிருந்தன.

தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில்தான் கேட்டாள்.

"எங்க வீட்ல ஒருத்தருக்காவது நிஜமாவே கல்லு இருந்துச்சாங்க?"

நாளைக்கு வந்திருக்கலாம், வருமுன் காத்தேன் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாயு என்றேன்.

மறுநாள் உங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பியவள் தெருவிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் விபத்துப் பிரிவுக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே என் பழைய மாணவன், கையால் கிழித்துக் கையால் தைக்கிற ரகம், அவளை அறுத்தான். பித்தப்பை சீழ் பிடித்திருந்தது, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் போயிருப்பார் என்று உங்களிடம் சொன்னானாம். சின்ன வயசு டாக்டர்கள் எதையும் ஊதிப் பெரிதாக்குவார்கள்.

ஆம், செய்தேன். என் மனைவியின் சொந்தத்தில் ஒருவர் விடாமல், நன்றாக இருந்த பித்தப்பைகளை எடுத்தேன். காட்டிய கற்கள் என் தொட்டியுடையவை. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் மேஜையில் இருக்கும் அந்தக் கடைசிக் குப்பியை, என் மனைவி வயிற்றில் இருந்ததாகச் சொல்லும் அந்தக் கற்களை, இந்த வழக்கில் சேர்க்காதீர்கள். கூடவே குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாதா சார், அவளுக்கு இருப்பது வெறும் வாயு.