பக்கத்து சீட்டுக்காரி

சிவப்பு. நிப்பாட்டிறன் தம்பி, கிளச்சை அமத்தி... பாத்தீங்களோ, நிண்டிட்டுது. ஓம் ஓம், கலரை வாய்விட்டுச் சொல்லக்கூடாதெண்டு போன கிழமையும் சொன்னனீங்கள். டெஸ்ட் எடுக்கிற மனுசன், தனக்குக் கண் தெரியாதெண்டு நினைக்கிறாளோ எண்டு கோவிப்பார். அடக்கித்தான் பாக்கிறன் ஞானேஸ்வரன் தம்பி, வாய் கேக்குதில்லை. பச்சை. போறன்.

இந்த ஸ்டேடியத்தை எப்பதான் கட்டி முடிப்பாங்களோ. வெம்பிளிக்காரருக்கு இதால ஒரே புழுதி.

பயமோ? பயம்தான். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இந்த ஊருக்கு வந்து டியூப் ரயில் ஸ்டேசன் எஸ்கலேட்டர்ல கால் வைக்கவே எனக்கு ஒரு மாசம் எடுத்தது. பின்னால வந்த சனமெல்லாம் சொறி சொறி எண்டு இங்கிலீசில மன்னிப்புக் கேட்டு என்னைச் சுத்திப் போகும், நான் அதைக் கும்பிட்டுக்கொண்டு நிப்பன். எங்கட தவநாயகி அக்கா அப்பிடியில்ல. ஒரு வயித்தில பிறந்தம், ஒரு சட்டியில சாப்பிட்டம், அம்மாட்ட அடியும் ஒரே தடியாலதான். தடியைக் கண்டவுடன நான் ஊரைக் கூட்டிடுவன், எனக்கு அதோட நிண்டிடும். அக்கா அழவே மாட்டா, அதால அவவுக்குக் கூட விழும்.

ஓம், இல்லை, பாப்பம். அவவின்ர தமிழ் அவ்வளவுதான். நான் எப்பிடியெண்டு உங்களுக்கே தெரியும், காது நோகுது போல. இவர் சொல்லுவார், சுசிலா இப்ப நித்திரையிலயும் ஆருக்கோ வழி சொல்லுறா, இடப்பக்கம் வலப்பக்கம் எண்டு புலம்புறா எண்டு.

ஊரில எங்கட ஒழுங்கையில சைக்கிள் பழகின முதல் பெட்டை அவதான். அவ மிதிப்பா, நான் காரியர்ல இருந்து கதைப்பன். பிறகு ஜேர்மனிக்குத் தனியப் போனவ. அங்க கார் பழகி, பிறகு லண்டனுக்கு வந்து, வந்த கையோட இஞ்சத்தை ரோட்டில, பக்கம் மாறி ஓடுற ரோட்டில, என்னையும் ஏத்திக்கொண்டு ஓடினவ. நான் சீட் பெல்ட்டைப் பிடிச்சுக்கொண்டு முருகா முருகா எண்டு கத்திறன். ஏன் அவரைக் கூப்பிடுறாய், அவரிட்டத்தானே போறம் எண்டா. அவ சொல்லி நான் கேட்ட நீளமான வசனம் அதுதான்.

அண்டையில இருந்து வெள்ளிக்கிழமை எண்டால் நாங்கள் ஆர்ச்வே முருகன் கோயில்தான். சீனி வருத்தக்காரி, எண்டாலும் அங்கத்தை சக்கரைப் பொங்கலை விடமாட்டா. முருகன் தந்தால் சீனி ஏறாதோ எண்டு நான் கேட்டால், ஒரு பார்வை பாப்பா.

அங்கால லேனுக்கு மாறட்டோ? மிரர் பாத்திட்டன். அந்தப் பாலம் தாண்ட ஒரு கமரா இருக்கு, வேகத்தைக் குறைக்கிறன். ஓடத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியுமோ? பக்கத்து சீட்டில இருந்து பாருங்கோ தம்பி, எல்லாம் தெரிய வரும்.

இவரோ? இவர் ஓடுவார்தான். அக்கா ஒருக்கா இவற்றை கார்ல ஏறினவ. இறங்கிக் கதவைச் சாத்திப்போட்டு, பாப்பம் எண்டா. பிறகு ஏறேல்ல.

சிவப்பு. ஐயோ, திரும்பியும் சொல்லிப்போட்டன். ஹாண்ட்பிரேக் போட்டிட்டன். இது ரோட்டு வேலைக்கு வைச்ச லைட், லேசில மாறாது. அங்க மேல கோயில் தெரியுது பாருங்கோ. இந்த ஏத்தத்திலதான் பழகவேணும் எண்டு ஏன் ஒற்றைக்கால்ல நிண்டனானோ? இதிலதான் தம்பி அது நடந்தது. ஒண்டும் நடக்கேல்ல, நடக்கப் பாத்தது.

அக்காவின்ர சீனி கண்ணுக்கு ஏறிட்டுது. இனிக் கார் ஓடவே கூடாதெண்டு கண் டொக்டர் போன மாரிக்கே சொல்லிப்போட்டாராம். அவ ஒருத்தருக்கும் மூச்சு விடேல்ல. ஒரு வெள்ளிக்கிழமை லைட்டில நிக்கேக்க, முன்னுக்குப் பாத்தபடியே கேட்டா, சுசிலா, என்ன கலர் எண்டு. சிவப்பு எண்டன். கொஞ்சத்தால பச்சை எண்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நான் சொல்லச் சொல்ல அவ ஓடினா. முன்னால பஸ், இடப்பக்கம் சைக்கிள்காரன், கமரா, சிவப்பு, பச்சை. எனக்குக் கண்ணை இறுக்கி மூடவேணும் போல இருக்கும், மூடினால் ஆர் சொல்லுறது. ஏன் மறிக்கேல்லயோ? அவவை இவ்வளவு காலமும் ஆர் தம்பி மறிச்சது.

அந்தா, அந்தக் கடவையில ஒரு மனுசி பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டில இறங்கினா. ஆள் எண்டு கத்தினன். வாய் சொல்லி, காது கேட்டு, பிறகுதானே கால் அமத்தும். வண்டிச் சில்லுக்கு ஒரு சாண் இருக்க நிண்டுது. மனுசி எங்களை ஏசிப்போட்டுப் போனா. பின்னால ஹோர்ண் அடிக்கிறாங்கள். அக்கா திருப்பியும் ஸ்டார்ட் பண்ணப் போறா. நான் எட்டிக் கார் ஸ்டார்ட் பண்ணுற திறப்பை உருவிப்போட்டன் தம்பி. நான்தான். எஸ்கலேட்டருக்குக் கும்பிட்ட நான். என்ர அக்கா அண்டைக்கு அழுதா. அம்மான்ர அடிக்கே அழாதவ, ஸ்டியரிங்கில தலையை வைச்சு அழுதா.

பிறகு இவர் வந்து காரை எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா இப்ப கோயிலுக்கே வாறதில்லை. பஸ்ஸிலயும் வரமாட்டாவாம், ஏறேக்க தடக்குப்படுறதைச் சனம் பாக்குமாம். வெள்ளிக்கிழமையில சீலையைக் கட்டிக்கொண்டு ஜன்னலடியில சும்மா இருக்கிறா. பாக்கேலாமல் கேட்டன், நான் லைசன்ஸ் எடுத்தால் ஏறுவீங்களோ அக்கா எண்டு. பாப்பம் எண்டுதான் சொல்லுவா எண்டு நினைச்சன். ஓம் எண்டா.

அதால தம்பி, டெஸ்ட் அண்டைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு ஓடிக் காட்டிறன், அது என்ர பொறுப்பு. ஆனா இந்தப் பழக்கத்தை அடியோட விடச் சொல்லாதேங்கோ. இனி அவதானே பக்கத்து சீட்டில இருக்கப் போறா. எதுக்கு நிக்கிறம், எதுக்குப் போறம் எண்டு அவவுக்கு நான் சொல்லத்தானே வேணும்.

பச்சை. பயப்பிடாதேங்கோ, பின்னுக்கு உருளாது. போறன்.