ஊதாத சைரன்

நான் பேசப் பேசத் தலையை ஆட்டுறீங்க... ஆட்டினது போதும். ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. சிரிக்கிற கதை இல்ல, முன்னாலேயே சொல்லிடுறேன்.

ஒரு அணை. எந்த அணைன்னு கேட்காதீங்க... கதையில வர்ற அணை. நிரம்பினா தண்ணி தானா வழிஞ்சு ஆத்துல இறங்கும். அதுக்கு முன்னால சைரன் ஊதணும். ஊதினா, ஆத்துல நிக்கிறவங்க கரையேறிடுவாங்க. முன்னெல்லாம் கையால அமுக்க ஒரு சுவிட்ச் இருந்துச்சு. கம்ப்யூட்டர் வந்ததும் அதைக் கழட்டிட்டாங்க. மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில கட்டளையைத் தட்டணும். தட்டுறவர் எட்வின்.

ஒருநாள் சேதி வருது... பெரிய அதிகாரி வர்றாரு! அதிகாரி வந்தா நாம என்ன பண்ணுவோம்? சுண்ணாம்பு அடிப்போம். வருஷம் பூரா காஞ்ச செடிக்கு அன்னைக்குத் தண்ணி ஊத்துவோம். இல்லையா? அந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டரையும் விடல. இன்ஜினியர் இசக்கியப்பன் வந்து நிக்கிறாரு.

"என்னய்யா இது, இடம் இல்லன்னு சிவப்பாக் காட்டுது? எதையாவது தூக்கு!"

"சார், இந்தக் கம்ப்யூட்டரோட கையேட்டைத் திறந்து காட்டுற மென்பொருள் ஒண்ணு இருக்கு. அதான் இடத்தை அடைக்குது. எடுத்துட்டா கையேட்டைப் படிக்க முடியாது சார்."

"கையேட்டை எவன்யா படிச்சான்? நீ படிச்சியா?"

எட்வின் படிக்கல. நாம மட்டும் படிச்சோமா? மிக்ஸியோட வந்த புத்தகம் எங்க கிடக்கு? அலமாரித் தட்டுல விரிச்சிருக்கோம்!

நீக்குன்னு தட்டினாரு. மெஷின் கேட்டுச்சு... நிச்சயமா? ஆமான்னா ஒய், இல்லன்னா என். ஒய் தட்டினாரு. சிவப்பு போச்சு. அதிகாரி வந்தாரு, டீ குடிச்சாரு, போனாரு.

அப்புறம் மழை... அணைப்பக்கம் பேய் மழை. இடி விழுந்து கரண்ட் போய் வந்துச்சு. அதுல சைரன் தானா பூட்டிக்கிச்சு, யாருக்கும் தெரியல. அணை நிரம்புது. எட்வின் சைரனுக்குக் கட்டளை தட்டுறாரு. திரை என்ன சொல்லுச்சு தெரியுமா? "சைரன் பூட்டப்பட்டுள்ளது. கையேட்டைப் பார்க்கவும்."

கையேடு உள்ளேதான் இருக்கு! திறந்து காட்டுற மென்பொருள்தான் இல்ல. வேற எதுல திறந்தாலும் வெறும் கட்டமும் கோடும். திரும்ப நிறுவுன்னு தட்டுறாரு... இணைப்பு இல்ல. மறுபடி தட்டுறாரு... இணைப்பு இல்ல. போனும் செத்துக் கிடக்கு.

"சார், படித்துறையில ஆள் இருப்பாங்க சார்!"

"ஓடுய்யா... வண்டியை எடுத்துட்டு ஓடு!"

ஓடினாரு. தண்ணி அவருக்கு முன்னாலேயே போயிடுச்சு. கீழ படித்துறைப் பக்கம் தூத்தல்கூட இல்ல, சேர்மக்கனின்னு ஒரு பொண்ணு துணி துவைச்சுக்கிட்டு இருந்தா. எட்வின் போனப்ப... துவைச்ச சேலை மட்டும் மேல்படியில காயுது.

மறுநாள் மழை விட்டுச்சு. சேர்மக்கனி உடம்பைக் கரையில போட்டிருக்காங்க. அங்க ஆபீஸ்ல இணைப்பு வந்துடுச்சு. ஒரே வரி தட்டினாரு எட்வின், மென்பொருள் வந்து உக்காந்துடுச்சு. கையேட்டைத் திறந்தாரு. முதல் பக்கத்துலயே இருந்துச்சய்யா... பூட்டை எடுக்க ஒரே ஒரு வரி! அதைத் தட்டினாரு. ஊதுச்சு சைரன். ஆறு பூரா கேக்குற மாதிரி ஊதுச்சு.

கரையில பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருந்த செல்லையா தலையைத் தூக்கினாரு.

"இப்ப யாருக்குய்யா ஊதுறீங்க?"

...யாராவது பதில் சொல்லுங்களேன்.

நான் உங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்க வரல. நல்ல நாள்ல தேவைப்படாததை எல்லாம் வேண்டாததுன்னு நினைக்கிறோம். அதிகாரி கண்ணுக்குச் சுத்தமா இருந்தாப் போதும்னு தூக்கி எறியறோம். கெட்ட நாள் சொல்லிட்டு வராதுய்யா! நாளைக்கு உங்க திரையும் கேக்கும்... நிச்சயமான்னு. அப்ப அதிகாரி முகத்தை நினைக்காதீங்க. படித்துறையில முதுகைக் காட்டிக் குனிஞ்சு துவைக்கிறாளே, அவளை நினைங்க. அவளுக்கு உங்க பேர் தெரியாது. தண்ணி வந்தா நீங்க ஊதுவீங்கன்னு நம்பித்தான் ஆத்துல இறங்கியிருக்கா.