நான் அடித்த மணி

ஓடுகிறேன். காலை ஆறு பத்து. கடலில் பீரங்கிப் படகு. 'கும்' என்று ஒரு சத்தம். ஏழு எண்ணுவதற்குள் ஷெல் விழுகிறது. முதலாவது கடலில். இரண்டாவது பனங்கூடலில். மூன்று பனைகள் முறிந்த சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

"மணியை அடி பிள்ளை! சனம் பங்கருக்குள்ள போகட்டும்!"

அப்பா கத்துகிறார். அம்மாவையும் தம்பியையும் பதுங்குகுழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வயது பதின்மூன்று.

எங்கள் தீவைச் சுற்றி நடக்க முக்கால் மணி நேரம் போதும். நாற்பத்தொரு வீடுகள். கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லில் மதில்கள். நல்ல தண்ணீருக்கு ஒரே கிணறு. கோயிலும் முருகைக்கல்தான். பூசை இல்லாத நேரத்தில் அதன் மணி அடித்தால், படகு ஒன்று திரும்பவில்லை என்று அர்த்தம். யாரும் எதுவும் கேட்பதில்லை. எல்லோரும் கரைக்கு ஓடுவார்கள். வீட்டில் தங்குவது வெட்கம். இது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அன்று இருவருக்கும் நினைவு வரவில்லை.

அடித்தேன். கதவுகள் திறந்தன. குழிக்குள் இருந்தவர்களும் ஏறி வந்தார்கள். கரையில் வெள்ளை மணல். மறைவு இல்லை.

"கரைக்குப் போகாதேங்கோ!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. கயிற்றை விட்டேன். மணி தானாக இன்னும் நான்கு முறை அடித்தது.

கும்.

இப்போது எண்ணூரில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஆலை. போன செவ்வாய், காலை பதினொன்றுக்கு அதன் சங்கு ஊதியது. தெருவே வெளியே வந்தது. மகள் செருப்பை மாட்டினாள். உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டேன்.

பக்கத்து வீட்டு செல்வி கதவைத் தட்டினாள். "இன்னாக்கா, டெஸ்ட்டு சங்குக்கே பூட்டிக்கினு கீற? ஊதுனா வெளிய ஓடியாரணும்னுதான சொல்லிக்கீறாங்க."

"கேஸ் வந்தா உள்ள இருந்தாதாம்மா செத்துடுவோம்," என்றாள் மகள். அவள் கையை விட எனக்கு நேரமாயிற்று. எந்தச் சத்தத்துக்கு எங்கே ஓட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தர என்னால் முடியாது. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஆறு வள்ளங்கள். கோயில் கூரை. அப்பாவின் இடது கால். கரையில் பதினொரு பேர். அதில் அம்மா. அதில் தம்பி, ஐந்து வயது.

நாற்பத்தொரு வீடுகளில் ஒன்றிலும் அன்று ஷெல் விழவில்லை. கடைசிவரை குழிக்குள் இருந்தவர் ஒருவர்தான். சவீனா பெரியம்மா. அவருக்குக் காது கேட்காது.