இருக்கை மாறாத உலகம்

காது வரைவது எனக்கு இன்றுவரை சரியாக வரவில்லை. கண், மூக்கு, விரல்கள் எல்லாம் பழகிவிட்டன. காது மட்டும் பணியாரம்போல் வந்து நிற்கும். அதனால் என் கதைகளில் பெண்களின் தலைமுடி காதை மறைத்திருக்கும். ஆண்கள் மப்ளர் சுற்றியிருப்பார்கள். மலையில் நடக்கிற கதைகள் என்பதால் யாரும் கேட்டதில்லை. மெர்சிலின் அண்ணி உங்களிடம் கொடுத்த பக்கங்களில் நீங்களும் இதைக் கவனித்திருக்கலாம்.

நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள், மேடம். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. பி.எஸ்சி. இயற்பியல் வைவாவில் விடை தெரிந்தும் பேசாமல் நின்றவள் நான். அதனால் எழுதித் தருகிறேன்.

நான் வரைவது படக்கதை. போனில் படிக்க வசதியாகப் பக்கத்துக்கு நாலைந்து கட்டங்கள் இருக்கும். புனைபெயரில் இணையத்தில் போடுவேன். எல்லாமே ‘இப்படி நடந்திருந்தால்’ என்கிற வகை. இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. எங்கள் ஊர் மாதா கோயில் சுவரில் சிலுவைப்பாதைப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். சிறு வயதில் எனக்கு அதுதான் படக்கதை. ஐந்தாம் தலம் என்கிற ஐந்தாவது படத்தில், வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்பவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைக்கிறார்கள். அவர் அன்று வேறு வழியாகப் போயிருந்தால் ஆறாம் படம் எப்படி இருக்கும் என்று யோசித்தபடி முழந்தாளிலேயே இருந்துவிடுவேன். அம்மா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வகைக் கதைக்கு ஒரு விதி இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் தன் இயல்புப்படி நடக்க வேண்டும். ஆய்வகத்திலும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை மதராஸில் இறங்கியிருந்தால் என்று ஒன்று வரைந்தேன். சர்க்கார் மூட்டை கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு வருகிறது. கோப்புகளைத் தலையில் சுமந்து ஏறுகிறவர்கள் மலைக்காரர்கள். கடைசிக் கட்டத்தில் கோப்புகள் கூரைக்கடியில் நனையாமல் இருக்கின்றன. சுமந்தவர்கள் மழையில் கிடக்கிறார்கள். அதே மலையிலுள்ள காவலூருக்கு வானாய்வுத் தொலைநோக்கி வராமல் போயிருந்தால் என்று இன்னொன்று. இருட்டு வேண்டும் என்று கேட்க ஆளில்லாத மலையில் விடுதிகளும் விளக்குகளும் நிறைந்து, ஒரு குழந்தை நட்சத்திரம் என்றால் என்ன என்று கேட்கிறது.

என் கதைகள் எல்லாம் மோசமாகத்தான் முடியும். படித்தவர்கள் கீழே ஏறக்குறைய ஒரே வரியை எழுதுவார்கள்: நல்லவேளை, இப்படி நடக்கவில்லை. அதை நான் கவனித்து வைத்திருந்தேன். இருண்ட கதை படிக்கிறவருக்கு ஆறுதல் தரும். நடந்ததே மேல் என்று தோன்றவைக்கும். வெளிச்சமான கதை அதற்கு நேர்மாறாக வேலை செய்யும். அதை நான் அதுவரை செய்து பார்த்ததில்லை.

என் அண்ணன் கிளமென்டும் பெல்வின் அண்ணாவும் சிறு வயது முதல் ஒன்றாகத் திரிந்தவர்கள். இருவரும் போர்வெல் மோட்டார் பழுதுபார்ப்பவர்கள். மலைமேல் நெல்லிவாசல்நாட்டு ஊர்கள்வரை போய் வேலை முடித்து வருவார்கள். போன வருடம் ஐப்பசி மழையில் அப்படிப் போனபோதுதான் சிங்காரத்தின் ஷேர் ஜீப் வளைவில் சறுக்கிப் பின்பக்கமாகப் பாறையில் மோதியது. ஏறும்போது பெல்வின் அண்ணாவுக்குக் கிடைத்தது பின்கதவை ஒட்டிய இடம். அண்ணன் நடு வரிசையில் இருந்தான். பாதி வழியில் நடந்ததைச் சிங்காரம் அடக்கத்தன்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதார்.

“மச்சான், பின்னால குந்துனா கொமட்டுதுடா. நீ இங்க வாயேன்.”

“வர்றேன். வாந்தி வந்தா வெளிய எடு. சிங்காரம் மண்டைல எடுத்துடாத, வண்டி ஓட்டறாரு.”

இடம் மாறிக்கொண்டார்கள். அண்ணன் செத்துப்போனான். பெல்வின் அண்ணாவுக்குக் கால் முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள்தான்.

கால் கூடியது, ஆனால் மடங்கவில்லை. மோட்டாரைத் தூக்கும் வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. நர்ஸ் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்த அவர் மனைவி மெர்சிலின் அண்ணி அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டார். பெல்வின் அண்ணா தூங்குவதை விட்டுவிட்டார். பகலில் எங்கள் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா அவருக்குச் சோறு போடுவாள். நான் தட்டைக் கழுவுவேன்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் மெர்சிலின் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஜெஸ்ஸி, நீதான் நடந்தத மாத்தி மாத்தி வரையறியே. சீட்டு மாறாம இருந்திருந்தா ரெண்டு பேருமே போயிருப்பாங்கன்னு ஒண்ணு வரைஞ்சு குடேன். நா சொன்னா அந்தாளு கேக்கமாட்டறாரு. படமா பாத்தா நம்புவாரு. ஒரு நாளாச்சும் தூங்குவாரு.”

என் கதைகள் எதற்குப் பயன்படும் என்பதை அவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். சரி அண்ணி என்றேன்.

அதைத்தான் முதலில் வரைய உட்கார்ந்தேன். இயற்பியல் இடம் தரவில்லை. பாறை இடித்தது பின்பக்கத்தை மட்டும். நடு வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். இருக்கை மாறாமல் இருந்திருந்தால் ஒருவர்தான் செத்திருப்பார், அது பெல்வின் அண்ணா. பொய் வரைய எனக்கு மனம் வரவில்லை. அதனால் உள்ளபடி வரைந்தேன்.

இதை நான் இணையத்தில் போடவில்லை. இது ஒரே ஒரு வாசகருக்கான கதை. ஞாயிறு பூசை முடிந்து பெல்வின் அண்ணா எங்கள் வீட்டுக்கு வருவார். நான் புதுப் பக்கங்களைக் கொடுப்பேன். முதல் வாரம் அவருடைய அடக்கம். பெரிய கூட்டமாக வரைந்திருந்தேன். மலையிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் இறங்குகிறார்கள். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, விபத்துக்குப் பின் முதல்முறையாகச் சிரித்தார்.

“இன்னாம்மா, என் சாவுக்கு இவ்ளோ கூட்டமா? சிங்காரம் மாலைகூட வாங்கினு வந்துகீறான். நெஜத்துல பீடி குடுக்கமாட்டான்.”

அம்மாவும் சிரித்தாள். அவர் சிரிக்கிறாரே என்பதற்காகச் சிரித்தாள்.

அடுத்தடுத்த வாரங்களில் அந்த உலகம் மெல்ல நடந்தது. மெர்சிலின் அண்ணி அழுது ஓய்ந்து, படிப்பை முடித்து, மலை ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்கிறார். அவர்கள் மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் அண்ணன் முறிந்து கூடிய காலோடு ஊர் முனையில் மோட்டார் கடை போட்டு அதற்குப் பெல்வின் பெயரையே வைக்கிறான். லீவு முடிகிற சாயங்காலங்களில் அண்ணிக்கு ஒத்தாசையாக அந்தப் பிள்ளையைப் பஸ் ஏற்றிவிடுகிறான். எதையும் நான் கற்பனையாக ஊதிப் பெருக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள், விடுதியில் சேர என்ன வேண்டும் என்று மெர்சிலின் அண்ணியிடமே விசாரித்தேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். யாரோ தன் படிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தோஷம்.

கோபத்தில் செய்தாய் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். எனக்குக் கோபம் வராது.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பெல்வின் அண்ணா திருத்தம் சொல்ல ஆரம்பித்தார்.

“மெர்சி சைக்கிள்ல போவாளா? உழுந்து வாரிடுவா. ஸ்கூட்டி குடு.”

“அவங்களுக்கு வண்டின்னாலே பயம்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றேன்.

“நா இருக்கறவரைக்கும் பயந்தா. நா பின்னால குந்தினு கத்துவேன், அதான் பயம். நா போய்ட்டா இன்னா பயம்? குடு.”

கொடுத்தேன். அது சரியான திருத்தம். பிறகு அவருடைய அப்பா லாசர் மாமாவைப் பற்றிச் சொன்னார்.

“எங்க நைனாவ வரையவே இல்லியே. நா செத்தா அது குடிய வுட்டுரும். பேத்திக்கோசரம் வுட்டுரும். நல்லா ஷேவ் பண்ணி வுட்டு வரை, அழகா இருக்கும்.”

சில வாரங்களுக்குப் பின் கதையை அவரே சொன்னார். நான் மை போட்டேன். தான் இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் கட்டில் இருக்கும், தன் சட்டைகளில் எதை யாருக்குக் கொடுப்பார்கள், தன் மகள் எந்தப் பாட்டுக்கு ஆண்டுவிழாவில் ஆடுவாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லும்போது முகம் தெளிவாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், தூங்கினார். மெர்சிலின் அண்ணி ஒரு முழுப் பலாப்பழத்தை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“உன் படத்தாலதான் ஜெஸ்ஸி, அவரு மறுபடி வாயத் தொறந்து பேசறாரு. கேட்டா காட்டமாட்டறாரு, ‘நல்லா வரைஞ்சிருக்கா’ன்றாரு, அவ்ளோதான். ரெண்டு பேரும் சாவறமாரிதானே போட்டுக்கீற?”

சுளைகளை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டே, ஆமாம் அண்ணி என்றேன். பழம் நன்றாக இருந்தது.

கதை கடைசியில் இன்றைய தேதிக்கு வந்து சேர்ந்தது. வரைய வேண்டிய நாட்கள் தீர்ந்துவிட்டன. அந்த ஞாயிறு அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“அப்புறம் இன்னா? இதுக்கு மேல எங்க போவும்?”

எனக்குப் பேச்சு வராது என்று முன்பே எழுதினேன். அன்று வந்தது. “அண்ணா, அங்கேயும் இன்னைக்கு ஞாயித்துக்கிழமதான். அதே மலை, அதே சனங்க. எங்கண்ணன் வரமாட்டான், அத ஒண்ணும் பண்ண முடியாது. மத்தபடி அவங்க உலகத்துக்கும் நம்ம உலகத்துக்கும் இப்போ ஒரே ஒரு வித்தியாசம்தான் பாக்கி” என்றேன். அவரிடம் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர் பக்கங்களை அடுக்கினார். “கெட்டிக்காரிம்மா நீ” என்றார். கிளம்பும்போது அம்மாவிடம், “வர்றேன் ஆன்ட்டி” என்றார்.

மறுநாள் சிங்காரத்தின் ஜீப்பில் ஏறி, பின்கதவை ஒட்டிய இடத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறார். அந்த வளைவில் இறங்கிக்கொண்டாராம். இந்தக் காலோடு எங்கே நடப்பாய் என்று சிங்காரம் கேட்டதற்கு, “காத்தாட குந்தினு இருந்துட்டு வர்றேன், நீ போ” என்றிருக்கிறார். வனத்துறை ஆட்கள் அவரைப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது.

மெர்சிலின் அண்ணி இன்னும் படிப்புக்குத் திரும்பவில்லை. லாசர் மாமா முன்பைவிட அதிகமாகக் குடிக்கிறார். பிள்ளை பள்ளிக்கூடம் போவதில்லை. அவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று நினைக்கிறேன். படிப்பில் மறுபடி சேர விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது என்று போய்ச் சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்தார். அன்றுதான் அவர் பெல்வின் அண்ணாவின் டூல்ஸ் பெட்டியைத் திறந்து, அவர் அதில் வைத்திருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறார்.

“படம் வரைஞ்சதுக்கெல்லாம் இன்னா செக்ஷன் போடறதும்மா?” என்று நான் ஸ்டேஷனுக்கு வந்ததும் கேட்டீர்கள். அது எனக்குத் தெரியாது, மேடம். நான் அந்த வளைவுக்குப் போகவில்லை. அவரைத் தொடவில்லை. ஆனால் முதல் ஞாயிறு அவர் சிரித்தபோதே இது எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்த வாரமும் வரைந்தேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பெல்வின் அண்ணாவைக் கொன்றது நான். இதைச் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட இருந்தபோது, இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு நீங்கள் இன்னொன்று கேட்டீர்கள். அதற்கும் பதிலை இதிலேயே எழுதச் சொன்னீர்கள்.

“மலைக்குப் போனா ரெண்டு பேரும் உங்கண்ணன் பைக்லதான் போவாங்களாமே, மெர்சிலின் சொல்லுது. அன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு ஜீப்பு?”

அன்று பைக்கை நான் எடுத்துப் போயிருந்தேன். கறுப்பு மை தீர்ந்திருந்தது. ஆலங்காயத்தில் கிடைக்காமல் வாணியம்பாடிவரை போனேன். அண்ணன் போன் செய்தான். சொல்லாமல் எடுத்துப் போனதற்குத் திட்டவில்லை. ஜீப்பில் போய்க்கொள்கிறோம், மழையில் மெதுவாக வா என்றான். பக்கத்தில் பெல்வின் அண்ணாவின் குரலும் கேட்டது, அதனால் அவருக்கும் தெரியும். இத்தனை ஞாயிறுகளில் அவர் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. மறந்திருப்பார்.

“அத மாத்தி வரைஞ்சு பாத்தியா?”

இல்லை, மேடம். அதில் கதை இல்லை. இரண்டு பேர் பைக்கில் மலை ஏறுகிறார்கள். மோட்டாரைச் சரிசெய்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிச் சாப்பிடுகிறார்கள். அதை யார் படிப்பார்கள்?