ஒளிரக்கூடாத பதினாறு கன்றுகள்

— உப்புத் தண்ணி ஊத்தின கண்டு வெளிச்சமா எரியோணும். நல்ல தண்ணி ஊத்தின பதினாறும் எரியக்கூடாது. எல்லாம் எரியுதெண்டா, ஒண்டரை வருசமா நான் என்னத்தச் செஞ்ச, சாலிஹ் காக்கா?

— எனக்கு விளங்கல்ல, ஸாதியா மிஸ். புகையிலைக் கண்டு இருட்டறையில பச்சையா மின்னுது. நல்லந்தானே. ஆக்கள் பாத்தா அசந்து போவாங்க.

— அழகுக்கு வளக்கல்ல. வேருல உப்புப் பட்டா இதுக்குள்ள ஒரு ஜீன் முழிக்கும். அது முழிக்கிறது கண்ணுக்குத் தெரியாதே, அதுக்குத்தான் இருட்டுல மின்னுற காளான்ட வெளிச்சத்த அதோட கோத்து வச்ச. உப்பில்லாமலே எரிஞ்சா, கோத்ததே பிழை. முதல் ரெண்டு தரமும் ஒண்டுமே எரியல்ல. இப்ப எல்லாம் எரியுது. நாளைக்குப் புரொபசருக்கு என்னத்தச் சொல்ற? நீங்க தட்டு மாறி ஊத்தல்லயே?

— வல்லாஹி இல்ல மிஸ். சிவப்பு லேபலுக்கு உப்புத் தண்ணி, வெள்ளைக்கு நல்ல தண்ணி. இந்த லெப்புல நான் நேத்து வந்தவனா?

— சரி, விடுங்க. வெளியில போகக்கூடாத கண்டு. எல்லாத்தயும் அவிச்சுக் கொட்டுங்க.

— மிஸ், ஒண்டு சொல்லோணும். ஏசக்கூடாது.

— இனி ஏசுறதுக்கு என்ன இரிக்கி?

— தண்ணி வடிக்கிற மெசின் மூணு கிழமையாப் பழுது. எழுதிக் குடுத்தன், ஒருத்தரும் வரல்ல. நீங்களும் ஒவ்வொரு நாளும் முகத்தத் தூக்கி வச்சிட்டு வாறீங்க, சொல்ல வாய் வரல்ல. வெள்ளை லேபலுக்கு வீட்டுலரிந்து கேன்ல கொண்டு வந்து ஊத்தினன்.

— என்ன தண்ணி?

— கிணத்துத் தண்ணிதான். காத்தான்குடியில எங்கட தெருவே அதத்தான் குடிக்க அள்ளுது.

— கேனத் தாங்க. உப்பளக்கிற மீட்டரையும் எடுங்க.

— இந்தாங்க.

— காக்கா, இது உவர்.

— இரிக்காது மிஸ். நாங்க குடிக்கிற தண்ணி.

— ரெண்டு தரம் பாத்திட்டன். கொஞ்சம் கொஞ்சமா ஏறினா நாக்குப் பழகிரும். கண்டு பழகல்ல, காட்டிக் குடுத்திட்டு. ஒண்டயும் அவிக்க வேணாம், தொடவும் வேணாம். நான் கோத்தது சரி காக்கா. ஒண்டரை வருசம் வீணாப் போகல்ல. ஆருக்குக் கோல் எடுக்கீங்க?

— மகளுக்கு இது ஏழாம் மாசம், மிஸ். பிரஷர் இறங்குதில்ல எண்டு டொக்டர் ஏசுறார். வீட்டுல கறிக்கு உப்பே போடுறல்ல. தண்ணியக் கூடக் குடி, கூடக் குடி எண்டு நான்தான் அள்ளி அள்ளிக் குடுக்கன்.