ஐந்தாம் பாட்டன்

"நீங்களே நாள் முழுக்கப் பேசிக்கிட்டிருந்தா பசங்க எப்ப எஜே—"

"டீ ஆறுது ஜில்திஸ். குடிச்சிட்டுக் கத்து."

"—எப்பதான் செஞ்சு பாக்கறது? மாணவர் நடுவுல இருக்கணும் எஜே."

"அப்ப நான் எங்க? வாசப்படியிலயா?"

இப்படித்தான் தொடங்கியது, டீன் அவர்களே. டிஜிட்டல் ஊடகப் பாடத்தைப் புதிதாக வடிவமைக்கும் கூட்டம் அது. பிஷ்கேக்கில் ஆயுள் முழுக்க நான் நடத்திய பாடத்தை, என்னை 'எஜே', அக்கா, என்று கூப்பிட்டு வளர்ந்த என் மாணவி ஜில்திஸே ஒரு மத்தியானத்தில் கலைத்தாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. இனிப் பிள்ளைகளே தலைப்பு எடுப்பார்களாம். ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்ப்பார்களாம். எனக்குக் கோப்புகளைக் காக்கும் வேலை.

எனக்குக் கோபமில்லை. அந்தப் பாடத்தில் ஓட்டை இருப்பதைக் காட்ட நினைத்தேன், அவ்வளவுதான்.

பெர்மெத் தன் ஏழு தலைமுறைத் தந்தையரை அசைபடமாகச் செய்தாள். அப்பன் இல்லாத பெண். செத்துப்போன தாத்தாவின் குரல்பதிவுதான் ஆதாரம். அந்தத் தாத்தாவின் சொல்லை நம்பித்தான் உலானின் வீட்டார் அவள் காதில் நிச்சயத் தோடு போட்டிருந்தார்கள். உலானும் அதே வகுப்பு. அவனும் தன் ஏழு பேரைச் செய்திருந்தான். நம் வழக்கப்படி ஏழு தலைமுறைக்குள் பாட்டன் ஒருவனேயானால் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் கிடையாது.

அவள் ஒப்படைத்த படத்தில் ஐந்தாம் பாட்டன் பெயரை அழித்து, உலானின் ஐந்தாம் பாட்டனைப் போட்டேன்; அவருக்கு மேலிருந்த இருவரையும் அப்படியே. படத்தோடு அவள் தந்திருந்த குரல்பதிவுப் பென்டிரைவை எடுத்து வைத்துக்கொண்டேன். சரிபார்த்த பிள்ளைகள் நிறம் அழகு, இசை அருமை என்று எழுதினார்கள். பெயரை யார் பார்த்தார்கள்?

பெற்றோர் வந்த நாளில் இரண்டு படமும் பெரிய திரையில் ஓடின. உலானின் தாய் எழுந்தாள்.

"கிழவன் செத்தும் நம்மள ஏமாத்திட்டான். கழட்டுடி தோட்டை."

அன்று சாயங்காலம் பெர்மெத் என்னிடம் வந்தாள்.

"அது நான் போட்ட பேரு இல்ல எஜே. யாரோ மாத்தியிருக்காங்க. தாத்தா குரலக் கேட்டாத் தெரிஞ்சிடும், அதையும் காணோம். கொஞ்சம் தேடிக் குடுங்க எஜே."

"உங்க பாடத்துல நடுவுல நிக்கறது நீதானே? நீயே தேடு."

வெறும் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு போனாள். குரல்பதிவு அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சோதனை பாதியில் கெட்டிருக்கும்.

காலையில் அவளை ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

இதோ அந்தப் பென்டிரைவ். தாத்தா நிறுத்தி நிதானமாகத்தான் சொல்கிறார், ஏழு பெயரையும். நான் பெயரைத்தான் மாற்றினேன். கொன்றது அந்தப் பாடம். ஜில்திஸ் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்று அத்தனை பேச்சுப் பேசியவள்.

"இப்ப சொல்லு ஜில்திஸ். உன் பாடத்துல ஒருத்தராவது தப்பைக் கண்டுபிடிச்சாங்களா?"